ஆமென் சொன்ன பிறகு எழுந்துவிடாதீர்கள்: தேவ சமுகத்தில் தங்கியிருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாத்திராகமம் 33-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன விவரம் வருகிறது. பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிற இடம். மோசே ஆசரிப்புக் கூடாரத்தில் கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசிவிட்டுப் பாளயத்துக்குத் திரும்பிவிடுகிறார், அவரோடு வந்த வாலிபன் யோசுவா மட்டும் கூடாரத்தை விட்டுப் பிரியாமல் அங்கேயே இருந்துவிடுகிறான். மோசேக்கு ஜனங்களின் வேலை இருந்தது, போனார். யோசுவா ஏன் போகவில்லை, உள்ளே என்ன செய்தான், என்ன ஜெபித்தான் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. இருந்தான், அவ்வளவுதான்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஜெபிக்கத் தெரியும். பாய் விரித்து முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்கிறோம், குறைகளை அறிக்கையிடுகிறோம், மகனுடைய வேலை, மகளுடைய வரன், மாமியாருடைய சர்க்கரை, பாலக்கோட்டில் தக்காளிக்கு விலை கிடைக்காதது என்று ஜெபக்குறிப்பு மொத்தத்தையும் சொல்லி முடிக்கிறோம், ஆமென் சொன்ன அடுத்த நொடி பாயைச் சுருட்டிவிடுகிறோம். மாமா வீட்டுக்கு பஸ் ஏறிப் போய், வாசலில் நின்றபடியே பணம் வேண்டும் சிபாரிசு வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் "உள்ளே வாப்பா" என்று கூப்பிடுவதற்குள் அதே பஸ்ஸில் திரும்புகிற மாதிரி இருக்கிறது இது. கேட்பதில் தவறே இல்லை, கேட்கச் சொன்னதே ஆண்டவர்தான். ஆனால் தேவ சமுகத்தில் காத்திருப்பு என்று நாம் சொல்வது அந்த ஆமெனுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம். அந்தப் பதினைந்து நிமிடத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது, அதில் என்ன செய்வது, என்ன செய்யாமல் இருப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் நேரம், இடம்

அதிகாலை நான்கு மணிதான் சரியான நேரம் என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை உங்கள் மேல் பாரமாக ஏற்றிக்கொள்ள வேண்டாம். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதே இயேசு மத்தேயு 14-இல் ஜனங்களை அனுப்பிவிட்டு சாயங்காலத்தில் தனியாக மலையில் இருந்தார், லூக்கா 6-இல் இராமுழுதும் இருந்தார். தானியேல் தினம் மூன்று வேளை என்று வைத்துக்கொண்டார். நேரம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற தம்பிக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று மாறிக்கொண்டே இருக்கும். அவர் கடிகார நேரம் குறித்து வைத்தால் மூன்றாவது வாரமே உடைந்துவிடும். அவருக்கு நான் சொல்வது: மணியைப் பார்க்காமல் ஒரு செயலோடு சேர்த்துக் கட்டுங்கள். தூங்கி எழுந்து முகம் கழுவியவுடன், அது காலை நான்கு மணியோ மதியம் இரண்டு மணியோ, அதுதான் உங்கள் அதிகாலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு உட்கார முயற்சி செய்யாதீர்கள், தூங்கித்தான் போவீர்கள்.

வீட்டைக் கவனிக்கிற அக்காமாருக்கு விஷயம் வேறு. தண்ணீர் வருகிற நேரம், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், மாட்டுக்குத் தீவனம், இதற்கு நடுவே காலையில் பதினைந்து நிமிட அமைதி என்பது பல வீடுகளில் நடக்காத காரியம். பிள்ளைகள் ஸ்கூல் பஸ் ஏறிய பிறகு வீட்டுக்குள் வந்ததும் முதலில் பாத்திரத்தைத் தொடாமல் உட்காருங்கள். பாத்திரம் எங்கேயும் போய்விடாது.

அப்புறம் இடம். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர், சரி, ஆனால் ஒரே அறை உள்ள வீட்டில் ஐந்து பேர் இருந்தால் எந்தக் கதவைப் பூட்டுவது? மொட்டை மாடி, மாந்தோப்பு ஓரம், காலியாக இருக்கும் சபைக் கட்டிடம், எதுவானாலும் சரி. கத்தோலிக்கர்கள் என்றால் இன்னும் வசதி, கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய பங்குகளில் வாரநாளில் கோயிலுக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். நற்கருணை ஆராதனையில் பேசாமல் உட்காருகிற பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருப்பதால், நாம் இங்கே கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்வது அவர்களுக்குப் பாதி தெரிந்த விஷயம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு தினம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் சீட்டையே ஜெப அறையாக்கலாம், ஆனால் அது இரண்டாவது இடமாக இருக்கட்டும், ஏனென்றால் பஸ்ஸில் பாட்டு போடுவதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இல்லை.

ஒரே இடம், ஒரே பாய், ஒரே நாற்காலி என்று வைத்துக்கொள்வது உதவும். தள்ளாத வயதில் முழங்காலில்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். தாவீது ராஜா கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்துதான் பேசினார், 2 சாமுவேல் 7:18. முதுகுக்குச் சுவர் இருக்கட்டும், கால் மரத்துப் போகாத மாதிரி உட்காருங்கள்.

போனை அடுத்த அறையில் வையுங்கள். பைபிள் ஆப் அதில்தானே இருக்கிறது என்பீர்கள். அதே போனில்தான் வாட்ஸ்அப்பும் இருக்கிறது. அச்சடித்த வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். நேரம் பார்க்க அலாரம் வேண்டுமென்றால் வைத்துவிட்டு எட்டாத தூரத்தில் கவிழ்த்துப் போடுங்கள்.

வந்து சேருவதற்கு ஐந்து நிமிடம்

உடம்பு பாயில் இருக்கும், மனசு இன்னும் மார்க்கெட்டில் இருக்கும். உடனே ஜெபிக்க ஆரம்பித்தால் வாய் மட்டும் ஜெபிக்கும். அதனால் முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காதீர்கள். மூச்சு நிதானமாகட்டும். "ஆண்டவரே, வந்திருக்கிறேன்" என்று சொல்லி, எந்த நிலையில் வந்திருக்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபம் என்று, வர மனசே இல்லை என்றால் அதையும்.

இங்கே ஒரு சந்தேகம் சிலருக்கு வரும்: பேசாமல் உட்காருவது வேறு மார்க்கத்துத் தியானம் ஆகிவிடாதா என்று. இதில் மனதைக் காலியாக்குவது நோக்கம் இல்லை. "தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது" என்று 62-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. ஒருவரை நோக்கி அமர்ந்திருக்கிறோம். பேச்சு இல்லாவிட்டாலும் எதிரில் ஆள் இருக்கிறார்.

மார்கழி மாதத்தில் விடியற்காலை ஒலிபெருக்கிச் சத்தம் வரும், மற்ற நாட்களில் ஹைவேயில் லாரி ஓடும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும். அவற்றோடு சண்டை போட்டால் அந்த நாள் போயிற்று. சத்தம் இருக்கட்டும், நீங்களும் இருங்கள்.

வசனம்: கொஞ்சமாக, மெதுவாக

காத்திருப்பு நேரத்தில் அதிகாரம் அதிகாரமாக வாசிக்க வேண்டாம். ஆண்டு முழுக்க வேதம் வாசிக்கும் அட்டவணை வைத்திருந்தால் அதை வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள். இங்கே நான்கைந்து வசனம் போதும், வாய்விட்டு, இரண்டு முறை. எந்த வார்த்தை பிடித்து இழுக்கிறதோ அங்கே நின்றுவிடுங்கள், மேலே போகாதீர்கள். இது புதிதாக யாரோ கண்டுபிடித்தது இல்லை. வாசிப்பு, தியானம், ஜெபம், பேச்சற்று அவரை நோக்கியிருத்தல் என்று நான்கு படிகளாக 12-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் குய்கோ என்கிற துறவி இதை வரிசைப்படுத்தி எழுதி வைத்திருக்கிறார்.

எதில் ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு என் தேர்வு: முதல் வாரம் சங்கீதம் 131. மூன்றே வசனம். பால் மறந்த குழந்தை தாயிடம் இருக்கிற மாதிரி என்று அதில் வருகிறது. பால் குடிக்கிற பிள்ளை தாய் மடியில் ஏறினால் எதற்கு ஏறுகிறது என்று தெரியும். பால் மறந்த பிள்ளை சும்மாதான் வந்து உட்காரும், அம்மா பக்கத்தில் இருந்தால் போதும் அதற்கு. அடுத்து 27, 63, 62. சுவிசேஷத்தில் லூக்கா 10-இல் மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்த பகுதி. 119-ஆம் சங்கீதத்தை மட்டும் இப்போதைக்கு வைத்துவிடுங்கள், 176 வசனம், முடித்துவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிடும்.

மனதில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள்

வேண்டுதலைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொட்டாமல் உள்ளே வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார முடியாது. அன்னாளைப் பாருங்கள். 1 சாமுவேல் முதல் அதிகாரம். வெகுநேரம் விண்ணப்பம் பண்ணுகிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, ஆசாரியர் ஏலிக்கே அவள் குடித்திருக்கிறாளோ என்று தோன்றிவிடுகிறது. அவள் எழுந்து போகும்போது குழந்தை இன்னும் உண்டாகவில்லை, சக்களத்தி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், எதுவும் மாறவில்லை. ஆனாலும் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது.

கடனைச் சொல்லுங்கள், தொகையோடு சொல்லுங்கள். யார் மேல் கசப்பு என்று பெயர் சொல்லுங்கள். பாவம் என்று பொதுவாகச் சொல்லாமல் நேற்று சாயங்காலம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். யாருக்காவது செய்த அநியாயம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தால், அதை நோட்டில் குறித்துக்கொண்டு அன்றைக்கே போய்ச் சரிசெய்யப் பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னவர் இயேசுதானே. வரப்புத் தகராறில் அண்ணனோடு பேசாமல் இருந்துகொண்டு தினம் ஒரு மணி நேரம் தேவ சமுகத்தில் உட்காருகிறேன் என்றால், அந்த ஒரு மணி நேரமும் அண்ணன் முகம்தான் வந்து நிற்கும்.

குறிப்புகள் முடிந்தவுடன் ஆமென் சொல்லுங்கள். எழுந்திருக்காதீர்கள்.

இப்போது இருங்கள்

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி: ஆமென் சொல்லியாகிவிட்டது, இனி என்ன செய்வது?

பெரிதாக ஒன்றுமில்லை. முன்னே வாசித்த வசனத்திலிருந்து ஒரு துண்டை, "கர்த்தர் என் மேய்ப்பர்" என்பது போல மூன்றே சொல்லை, மனதுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனம் வந்தால் அதிலேயே இருங்கள். மனசு ஓடியது தெரிந்தால் மறுபடி அதே துண்டு. சிலருக்கு ஒரு கீர்த்தனையின் பல்லவி உதவும், சிலருக்கு இயேசுவே என்ற பெயர் மட்டும் போதும். அந்நிய பாஷையில் ஜெபிக்கிற சபையைச் சேர்ந்தவர்கள் அப்படியே ஜெபிக்கட்டும், ஆனால் நடுநடுவே நிறுத்தி அமைதிக்கும் இடம் விடட்டும். ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் உள்ளவர்களுக்கும் அதையே சொல்வேன்: எண்ணிக்கை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் எண்ணாமல் இருங்கள்.

மனசு ஓடும், கண்டிப்பாக ஓடும். இரண்டு நிமிடத்துக்குள் மாங்கூழ் ஃபேக்டரி பேமெண்ட், கேஸ் புக் செய்தோமா, நேற்று அவள் அப்படிச் சொன்னாளே, எல்லாம் வரும். செய்ய வேண்டிய வேலை நினைவுக்கு வந்தால் நோட்டில் ஒரு சொல் எழுதிவிடுங்கள், எழுதியதும் மனசு அதை விட்டுவிடும். கவலையாக வந்தால் அதையே ஜெபமாக மாற்றி ஒரு வரியில் ஒப்புக்கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். ஐம்பது தடவை ஓடினால் ஐம்பது தடவை திரும்பி வந்திருக்கிறீர்கள், அந்தத் திரும்பி வருவதும் ஜெபம்தான். ஓடியதற்காக உங்களையே திட்டிக்கொள்வதுதான் உண்மையில் நேரத்தைத் தின்கிறது.

தூக்கம் வருகிறதா? கெத்செமனேயில் பேதுருவுக்கே வந்தது. ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று கேட்டவர், ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்றும் சேர்த்தே சொன்னார். எழுந்து நில்லுங்கள், மாடியில் நடந்துகொண்டே இருங்கள், கண்ணைத் திறந்து வையுங்கள். தினமும் தூங்கிப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஜெபத்தை விட முதலில் தூக்கம் தேவைப்படுகிறது. சூரைச்செடியின் கீழே சாகிறேன் என்று படுத்த எலியாவுக்கு தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை, அப்பமும் தண்ணீரும் கொடுத்து இன்னொரு தடவை தூங்கவும் விட்டான். அதற்கு அப்புறம்தான் ஓரேப் மலை, அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம்.

சலிப்பு இன்னொன்று. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, "என்ன இது, ஒன்றும் நடக்கவில்லையே" என்று தோன்றும். நம் கூட்டங்களில் கீபோர்டு, டிரம்ஸ், கண்ணீர், சாட்சி என்று பழகிவிட்டதால், ஒன்றும் நடக்காத பதினைந்து நிமிடம் நமக்குத் தோல்வி போலத் தெரிகிறது. அப்படி இல்லை. உடல் சிலிர்த்தால் சிலிர்க்கட்டும், கண்ணீர் வந்தால் துடைக்காமல் விடுங்கள், ஆனால் அதைத் தேடிப் போகாதீர்கள், நேற்று வந்ததே இன்று ஏன் வரவில்லை என்று கணக்கும் பார்க்காதீர்கள். அவர் இருக்கிறார் என்பதற்கு அவருடைய வாக்குதான் ஆதாரம், உங்கள் ரோமம் சிலிர்ப்பது இல்லை.

ஆமெனுக்குப் பிறகு இப்படி இருப்பது முதல் மாதம் ஐந்து நிமிடம் போதும், ஆசை வந்தால் மட்டும் பதினைந்து வரை கூட்டுங்கள். நான் மூன்று மணி நேரம் ஜெபிக்கிறேன் என்று சபையில் சொல்லிக்கொள்கிறவர்களைக் கேட்டுத் தளர்ந்துபோகாதீர்கள், அவர்களைப் பார்த்து ஓட்டப் பந்தயமும் வேண்டாம்.

"கர்த்தர் பேசினார்" என்று சொல்வதற்கு முன்

உட்கார்ந்திருக்கும்போது ஒரு எண்ணம் பளிச்சென்று வரும். அது ஆண்டவருடையதாக இருக்கலாம், நேற்று யூடியூபில் கேட்டதாக இருக்கலாம், நம்முடைய ஆசையாகவே இருக்கலாம். கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலுக்கே மூன்று தடவை ஏலி கூப்பிடுகிறார் என்றுதான் தோன்றியது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் பவுல், 1 தெசலோனிக்கேயர் 5:21. எழுதி வையுங்கள். வேதத்துக்கு எதிராக இருந்தால் அங்கேயே தள்ளிவிடுங்கள். பெரிய முடிவு, அதாவது வேலையை விடுவது, நிலத்தை விற்பது, கல்யாணம், மாத்திரையை நிறுத்துவது, இப்படி ஏதாவது என்றால் முதிர்ந்த விசுவாசிகள் இரண்டு பேரிடமாவது சொல்லாமல் செய்யாதீர்கள். மாத்திரை விஷயத்தில் டாக்டரைத் தவிர வேறு யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். இன்னொருவரைப் பற்றி உங்களுக்கு ஏதோ காட்டப்பட்டது என்றால், அவரைப் பற்றிச் சபையில் சொல்வதற்குப் பதில் அவருக்காக ஜெபியுங்கள். குடும்பங்கள் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

எழுந்த பிறகு

சட்டென்று எழாதீர்கள். கர்த்தருடைய ஜெபத்தை ஒரு தடவை மெதுவாகச் சொல்லி முடியுங்கள், நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள், அந்த வசனத் துண்டை அன்றைய வேலைக்குள் கொண்டுபோங்கள். பாரிஸ் நகரத்தில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், 1691-இல் இறந்தவர், பெரிய பட்டம் பதவி எதுவும் இல்லாதவர், பாத்திரங்களுக்கு நடுவே தேவ சமுகத்தை உணர்ந்து வாழ்ந்ததற்காக இன்றைக்கும் நினைக்கப்படுகிறார். ராகிக் களி கிளறும்போது கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். பட்டுப்புழுவுக்குத் தழை போடும்போது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொப்பூர் கணவாயில் டிராஃபிக்கில் நிற்கும்போது, காலையில் பிடித்த அந்த மூன்று சொல்லை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

வறண்ட நாட்கள்

மாதக்கணக்கில் ஒன்றுமே உணராமல் போகும் காலம் வரும். சங்கீதம் 88-ஐ அப்போது வாசியுங்கள், கடைசி வரை ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வார்த்தை வராவிட்டால் அதையே உங்கள் ஜெபமாக வாசித்துவிட்டு எழுந்து போகலாம், அன்றைக்கு அது போதும்.

ஆனால் ஜெபத்தில் மட்டும் இல்லாமல் எல்லாவற்றிலும் ருசி போய்விட்டது, வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது வேறு. விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். டெலி மனாஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கூடுதலாக நேரம் வேண்டும் என்று தோன்றினால்

பழகிய பிறகு அரை நாள் எடுக்கலாம். சனிக்கிழமை காலை ஏழிலிருந்து பதினொன்று வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வசனமும் அமைதியும், கொஞ்சம் நடை, மறுபடி ஒரு மணி நேரம், கடைசியில் மற்றவர்களுக்காக ஜெபம். நான்கு மணி நேரமும் முழங்காலில் நிற்க வேண்டியதில்லை. தருமபுரிப் பக்கம் மாசி, பங்குனியிலேயே வெயில் ஏறிவிடும், அதனால் மலையோரம் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள், பெண்கள் தனியாகப் போக வேண்டாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் உபவாசத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

கணவன் மனைவி இருவரும் விசுவாசிகள் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை இவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமைக்கட்டும், அவர் போய் இருக்கட்டும், அடுத்த வாரம் மாற்றி. மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருக்க வேலையில் பரபரத்த அவள் சகோதரி மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுத் தலையாட்டுகிற அண்ணன்மாரில் எத்தனை பேர் அன்றைக்கு வீட்டில் அடுப்படிக்குள் போனார்கள் என்று தெரியவில்லை. முதல் சனிக்கிழமை யாருடையது என்று இன்று ராத்திரியே பேசிவிடுங்கள், அனேகமாக எல்லா வீட்டிலும் அது அக்காவுடைய முறையாகத்தான் இருக்க வேண்டும்.